எழுதத் தொடங்கும் எமக்குச் சில குறிப்புகள்

(நூற்றாண்டு விழாவையொட்டிப் பழைய மாணவிகளின் எழுத்துப் பயிற்சி நாளில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு மலருக்கு ஆக்கங்கள் தாருங்கள் என்று சங்கம் கேட்டபோது எம்மிற் பலரிடமிருந்து வந்த பதில் ஒன்றுதான்: "எங்களுக்கு எழுத வராது." இப்படிச் சொன்னவர்களில் வங்கி முகாமையாளர்கள் இருக்கிறார்கள், சட்டத்தரணிகள் இருக்கிறார்கள், முப்பது வருடம் கற்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியைகளும் இருக்கிறார்கள். தொலைபேசியில் ஒரு மணித்தியாலம் சுவையாகக் கதைக்கக் கூடியவர்கள் இவர்கள். கடதாசியை முன்னால் வைத்தவுடன் கை நின்றுவிடுகிறது. வேறு சிலர் உற்சாகமாகத் தொடங்கி, இரண்டு மூன்று ஆக்கங்களுடன் ஓய்ந்து விடுகிறார்கள். இதற்குத் திறமைக் குறைவைக் காரணமாகச் சொல்ல முடியாது. எழுத வரும் எல்லோரும் தொடக்கத்தில் விடும் சில தவறுகள் உண்டு. அவற்றை முன்கூட்டியே அறிந்து கொண்டால் பாதிப் பயம் போய்விடும். அவற்றைப் பற்றித்தான் இன்று பேசப் போகின்றோம்.

எழுத்தைப் பற்றிப் பேச வைத்தியர்களுக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். எமது கையெழுத்தைப் பற்றி ஊரில் உள்ள அபிப்பிராயமும் எமக்குத் தெரியும். ஆனால் எமது தொழிலில் எழுத்து ஒரு மருந்து போன்றது. நாம் எழுதிக் கொடுக்கும் வசனம் நோயாளியுடன் வீட்டுக்குப் போகிறது. அங்கே அதை விளக்க நாம் இருக்கமாட்டோம். வசனம் பிழையாக விளங்கினால் குளிசையும் பிழையாகப் போகும். ஆகவே இன்று தரும் உதாரணங்கள் பெரும்பாலும் சுகாதாரக் கட்டுரைகளிலிருந்தே வரும். நீங்கள் பள்ளி நினைவுகளை எழுதலாம், சமையற் குறிப்பு எழுதலாம், பிள்ளை வளர்ப்பைப் பற்றி எழுதலாம். எதை எழுதினாலும் தவறுகள் ஒரே வகையானவைதான்.

எமக்கு முன்னோர் உண்டு என்பதையும் மறக்கக் கூடாது. 1822ஆம் ஆண்டு இரண்டு பேர் பிறந்தார்கள். ஒருவர் நல்லூரிற் பிறந்த ஆறுமுக நாவலர். மற்றவர் அமெரிக்காவிற் பிறந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன். நாவலர் பாலபாடங்களை எழுதி, சிறுவர்களும் வாசித்து விளங்கக்கூடிய வசனநடையை எமக்குத் தந்தார். 1847இல் யாழ்ப்பாணம் வந்த கிறீன் மானிப்பாயில் மேலைத்தேய வைத்தியத்தைக் கற்பித்தார். ஆங்கிலத்திற் கற்றவர்கள் உத்தியோகம் தேடி வெளியூர் செல்வதைக் கண்டு, ஊரிலே தங்கிச் சேவை செய்யக் கூடியவர்களை உருவாக்க வேண்டுமென்று 1860களில் தமிழிலேயே வைத்தியம் கற்பிக்கத் தொடங்கினார். "இரண வைத்தியம்", "மனுஷ அங்காதிபாதம்" போன்ற நூல்கள் அந்த முயற்சியில் வந்தவை. மானிப்பாயில் அவர் பெயரால் இன்றும் ஆஸ்பத்திரி இருக்கிறது. கடல் கடந்து வந்த ஒருவர் எமது மொழியைக் கற்று, சத்திர சிகிச்சையையே அதில் எழுதினார் என்றால், எமது அம்மாவின் சலரோகத்தைப் பற்றி ஒரு பக்கம் தமிழில் எழுத எம்மால் முடியும்.

இனித் தவறுகளுக்கு வருவோம்.

முதலாவது தவறு, யாருக்கு எழுதுகிறோம் என்று தீர்மானிக்காமல் எழுதத் தொடங்குவது. "எல்லோருக்கும்" என்பதுதான் புதியவர்கள் சொல்லும் பதில். எல்லோருக்கும் எழுதுவது ஒருவருக்கும் போய்ச் சேராது. சலரோகக்காரர் கால்களைப் பேணுவது பற்றி எழுதுகிறோம் என்று வைத்துக் கொள்வோம். "வெறுங்காலுடன் நடக்கக் கூடாது" என்பது மருத்துவ நூல்களிலுள்ள சரியான வசனம். வடமராட்சியில் இருக்கும் அறுபத்தைந்து வயது அம்மா அதை வாசிக்கிறார். அவர் கோயிலுக்குப் போகிறவர். கோயில் வீதியில் செருப்புடன் நடப்பாரா? கடதாசியை மடித்து வைத்துவிடுவார். அவருக்காக எழுதுவதானால் வேறு விதமாக எழுத வேண்டும். சலரோகம் நெடுங்காலம் இருந்தால் காலில் உணர்ச்சி குறையும்; மத்தியான வெயிலில் சுடுமணலிலும் கல்லிலும் நடந்தால் தோல் வெந்தாலும் தெரியாது; ஆகவே நிலம் சுடுமுன் காலைப் பூசைக்குப் போய் வாருங்கள்; வீடு திரும்பியதும் கால்களைக் கழுவித் துடைத்து, உள்ளங்காலையும் விரல் இடுக்குகளையும் பாருங்கள்; குனிந்து பார்க்க இயலாவிட்டால் கண்ணாடியை நிலத்தில் வைத்துப் பாருங்கள், அல்லது பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள்; சிறு கொப்புளமென்றாலும் கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்காதீர்கள். இதை அவர் செய்வார். அறிவு இரண்டிலும் ஒன்றுதான். இரண்டாவதை எழுதியவருக்கு வாசகரைத் தெரியும்.

ஆகவே எழுத உட்காருமுன் ஒரு முகத்தை நினைத்துக் கொள்ளுங்கள். அந்த ஒருவருக்கு எழுதுங்கள். அவரைப் போன்ற ஆயிரம் பேர் தாமாக வந்து வாசிப்பார்கள்.

இரண்டாவது தவறு, தெரிந்ததையெல்லாம் ஒரே கட்டுரையில் சொல்லிவிட நினைப்பது. டெங்குவைப் பற்றி எழுத வருபவர் நுளம்பின் வாழ்க்கை வட்டத்தில் தொடங்கி, வைரசின் நான்கு வகைகளுக்குப் போய், சிரட்டைகளையும் பழைய ரயர்களையும் அகற்றுவதைச் சொல்லி, இரத்தப் பரிசோதனைக்கு வரும்போது வாசகர் களைத்து விடுகிறார். 2017ஆம் ஆண்டு இலங்கையில் 186,000இற்கும் மேற்பட்டவர்கள் டெங்கு நோயாளர்களாகப் பதிவானார்கள். 400இற்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அத்தகைய காலத்தில் ஒரு குடும்பம் கட்டாயம் அறிய வேண்டிய செய்தி எது? காய்ச்சல் இறங்கும் வேளைதான் அவதானமாக இருக்க வேண்டிய வேளை என்பது. காய்ச்சல் விட்டுவிட்டது, பிள்ளை தப்பிவிட்டது என்று வீட்டார் ஆறுதலடையும் அந்த ஒன்றிரண்டு நாட்களிலேயே சிலருக்கு இரத்தக் குழாய்களிலிருந்து திரவம் கசிகிறது. கடுமையான வயிற்றுநோ, தொடர்ந்து சத்தி, கைகால் குளிர்தல், சிறுநீர் குறைதல், அமைதியின்மை அல்லது சோர்ந்து உறங்கல் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இந்த ஒரு செய்திக்கே ஒரு கட்டுரை போதும். நுளம்புக்கு இன்னொரு நாள் எழுதலாம்.

பள்ளி நினைவுகளை எழுதுபவர்களுக்கும் இது பொருந்தும். முதலாம் வகுப்பிலிருந்து உயர்தரம் வரை ஒரே மூச்சில் எழுதினால் அது ஆசிரியைகளின் பெயர்ப் பட்டியலாகவே முடியும். விஞ்ஞான ஆய்வுகூடத்தின் ஒரு மாலைப் பொழுதை எழுதுங்கள். வலைப்பந்தாட்ட அணி வெளியூருக்குப் போன ஒரு பயணத்தை எழுதுங்கள்.

மூன்றாவது தவறு தொடக்கத்தில் இருக்கிறது. முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று எமக்குக் கட்டுரை எழுதப் பழக்கினார்கள். அது பரீட்சைக்கு நல்ல பழக்கம். விடைத்தாள் திருத்துபவர் வாசித்தேயாக வேண்டும். பொது வாசகருக்கு அந்தக் கடமை இல்லை. "மனித வாழ்வில் ஆரோக்கியம் இன்றியமையாதது", "அறிவியல் வளர்ச்சியடைந்த இன்றைய காலகட்டத்தில்" போன்ற வசனங்களில் தொடங்கினால் மூன்றாவது வரியில் அவர் பக்கத்தைப் புரட்டுவார். இதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. எழுதி முடித்தபின் முதலாவது பந்தியைக் கையால் மறைத்துவிட்டு வாசித்துப் பாருங்கள். ஒன்றும் குறையவில்லையென்றால் அந்தப் பந்தியை வெட்டி விடலாம்.

நான்காவது தவறு, பேசும் தமிழை விட்டு வேறொரு தமிழை எழுதுவது. எம்மிற் பலர் தொழிலை ஆங்கிலத்திற் கற்றோம். தமிழில் எழுத வரும்போது மனதுக்குள் மொழிபெயர்க்கிறோம். "திரவ உள்ளெடுப்பினை அதிகரித்தல் அவசியமாகும்" என்று ஒரு துண்டுப்பிரசுரம் சொல்கிறது. அதை வாசித்துவிட்டு யார் பிள்ளைக்குத் தண்ணீர் பருக்குவார்? "கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி குடிக்கக் கொடுங்கள்" என்றால் காரியம் நடக்கும். எங்கள் பேச்சில் நோய்களுக்கு எவ்வளவு நல்ல பெயர்கள் இருக்கின்றன! செங்கமாரி, கூகைக்கட்டு, பொக்குளிப்பான், முட்டு, தடிமன், வயிற்றோட்டம், சத்தி. ஆச்சிமார் சொன்ன இந்தச் சொற்களைக் கேட்டவுடன் நோயே கண்முன் வருகிறது.

இதில் ஓர் அவதானமும் தேவை. நாம் வடக்கில் மட்டும் இல்லை. இந்த மலரை மட்டக்களப்பிலும் மலையகத்திலும் கொழும்பிலும், ரொறொன்ரோவிலும் இலண்டனிலும் மெல்பேணிலும் வாசிப்பார்கள். எமக்குத் தடிமன் என்றால் மூக்கால் ஒழுகும் நோய். தமிழ்நாட்டு வாசகர் அதைக் கனம், பருமன் என்று விளங்கிக் கொள்வார். எமக்குக் குளிசை, அவர்களுக்கு மாத்திரை. ஊர்ச் சொல்லைக் கைவிட வேண்டாம். முதன்முறை வரும்போது மற்றச் சொல்லையும் பக்கத்தில் ஒருதரம் சொல்லிவிட்டால் போதும். வெளிநாட்டிற் பிறந்த எங்கள் பிள்ளைகளுக்கும் அப்படியே இரண்டு சொற்கள் கிடைக்கும்.

ஐந்தாவது தவறு, அளவு சொல்லாமல் விடுவது. "போதிய அளவு", "சிறிதளவு", "அந்தக் காலத்தில்", "பல பேர்" என்பவை எழுதுபவருக்கு இலகுவான சொற்கள். எழுதுபவரின் மனதில் அளவு இருக்கிறது. வாசிப்பவரின் கையில் இல்லை. வயிற்றோட்டத்துக்கு நாம் கொடுக்கும் ஜீவனியை எடுத்துக் கொள்ளுங்கள். வழமையான பெரிய பக்கற் முழுவதையும் கொதித்தாறிய 1 லீற்றர் நீரில் கரைக்க வேண்டும். 24 மணித்தியாலத்துக்குப் பின் மிச்சத்தை ஊற்றிவிட வேண்டும். "ஜீவனி கரைத்துக் கொடுங்கள்" என்று மட்டும் எழுதினால், சிக்கனமான ஒரு தாய் கால்வாசித் தூளை ஒரு கோப்பையிற் கொட்டிக் கரைப்பார். உப்புக் கூடினால் சிறுபிள்ளைக்கு அது மருந்தாகாது, ஆபத்தாகும். காய்ச்சலுக்குக் கொடுக்கும் பரசிற்றமோல் பாணியும் அப்படித்தான். 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் உள்ள போத்தலும் உண்டு, 250 மில்லிகிராம் உள்ள போத்தலும் உண்டு. "ஒரு தேக்கரண்டி கொடுங்கள்" என்ற வசனம் ஒரு வீட்டில் சரியாகவும் அடுத்த வீட்டில் இரண்டு மடங்காகவும் முடியும். பிள்ளையின் நிறையையும் போத்தலில் உள்ள எண்ணையும் பார்க்கச் சொல்லாத கட்டுரையை வெளியிடாமல் விடுவதே நல்லது.

சமையற் குறிப்பு எழுதும் அக்காமாருக்கும் இதுவே. "கை அளவு" உங்கள் கைக்குத் தெரியும். ரொறொன்ரோவில் இருக்கும் மகளின் கைக்குத் தெரியாது. ஒடியற் கூழுக்கு எத்தனை பேருக்கு எத்தனை கிராம் ஒடியல் மா என்று ஒருநாள் நிறுத்துப் பார்த்து எழுதி வையுங்கள். நினைவுகளை எழுதுபவர்கள் ஆண்டைப் போடுங்கள். "இடம்பெயர்ந்த காலம்" என்றால் எமக்கு 1995 ஒக்ரோபர் 30 நினைவுக்கு வரும். இன்றைய மாணவிக்கு அது எதுவென்றே தெரியாது.

ஆறாவது தவறு, கேட்டதையும் கிடைத்ததையும் சரிபாராமல் எழுதுவது. டெங்குக் காலம் வந்தவுடன் பப்பாசி இலைச்சாறு பற்றிய செய்தி கையடக்கத் தொலைபேசிகளில் வலம் வரும். இரத்தச் சிறுதட்டுக்களைக் கூட்டும் என்பது அதன் வாக்குறுதி. டெங்குவில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் திரவக் கசிவும் அதனால் வரும் அதிர்ச்சியும். சாறு அதை நிறுத்தாது. சாற்றை நம்பி வீட்டில் இருந்த மணித்தியாலங்கள்தாம் பெரிய கேடு. உடம்பு நோவுக்கென்று அஸ்பிரின், ஐபுபுறூபன், டைக்ளோபெனாக் ஆகியவற்றைச் சொல்லும் செய்திகளும் வருகின்றன. டெங்குக் காய்ச்சலில் அவை இரத்தப் பெருக்கை ஏற்படுத்தக் கூடியவை.

ஆகவே எதையும் எழுதுமுன் மூன்று கேள்விகள் கேட்போம். இதை முதலிற் சொன்னவர் யார்? அவருக்கு இது எப்படித் தெரியும்? எப்போது சொன்னார்? மூன்றாவது கேள்வி முக்கியமானது, ஏனென்றால் அறிவு மாறுகிறது. பாம்பு கடித்தால் கடிவாய்க்கு மேலே இறுக்கிக் கட்டி, கீறி இரத்தத்தை வெளியேற்றச் சொல்லி ஒரு காலத்தில் முதலுதவி நூல்களே கற்பித்தன. இன்று இரண்டும் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, மோதிரம் காப்புகளைக் கழற்றி, விரைவாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். பழைய கட்டுரை ஒன்று திகதியில்லாமல் இன்னும் கைமாறிக் கொண்டிருந்தால், எழுதியவர் நல்லவரென்றாலும் எழுத்து கேடு செய்யும். ஒவ்வோர் ஆக்கத்தின் அடியிலும் எழுதிய மாதத்தையும் ஆண்டையும் போடுங்கள். பிறருடைய எழுத்தையோ படத்தையோ எடுத்தால் அனுமதி கேட்டு, அவர் பெயரையும் போடுங்கள். பிறகு பிழை ஒன்று தெரியவந்தால் ஒளிக்காமல் திருத்தத்தை வெளியிடுங்கள். திருத்தம் போடும் எழுத்தாளரை வாசகர்கள் கூடுதலாக நம்புவார்கள்.

ஏழாவது தவறை மற்றவற்றோடு ஒன்றாக எண்ண எமக்கு மனம் வரவில்லை. அது பிறருடைய வாழ்க்கையை அனுமதியில்லாமல் எழுதுவது. பெயரைச் சொல்லவில்லையே என்பார்கள். எங்கள் ஊர்கள் சிறியவை. "சந்திக்குப் பக்கத்தில் இருக்கும் ஆசிரியை, கணவர் வெளிநாட்டில், இரண்டு பெண்பிள்ளைகள்" என்று எழுதினால் பெயர் தேவையில்லை. மாலைக்குள் ஊருக்குத் தெரிந்துவிடும். கசரோகம், மனநோய், வலிப்பு, பிள்ளையில்லாமை, குடும்பத்தில் அடி உதை ஆகியவற்றைப் பற்றி நாம் எழுதத்தான் வேண்டும்; எழுதாமல் விட்டதால் எத்தனையோ பெண்கள் தமக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்துத் தனியே துன்பப்படுகிறார்கள். ஆனால் ஒரு பெண்ணுடைய வருத்தத்தை எழுதி நாம் பாராட்டுப் பெறும்போது, அவளுடைய மகளின் கலியாணப் பேச்சு குழம்பலாம். அந்த விலையைக் கொடுப்பவர் நாமல்ல. ஆகவே எழுதியதை உரியவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர் வேண்டாமென்றால் கிழித்து விடுங்கள். இறந்தவரென்றால் குடும்பத்தைக் கேளுங்கள். வைத்தியர், தாதியர், ஆசிரியைகள், சட்டத்தரணிகள் ஆகியோர் தொழிலிற் கேட்ட இரகசியம் தொழிலோடு இருக்க வேண்டும். ஊர், வயது, குடும்ப விபரம் எல்லாவற்றையும் மாற்றிய பின்னும், உரியவர் வாசித்தால் "இது என்னைத்தான்" என்று துடிப்பாரா என்று ஒருதரம் யோசித்துப் பாருங்கள்.

தற்கொலையைப் பற்றி எழுதுவதில் இன்னும் கவனம் வேண்டும். 1995இல் இலங்கையில் 100,000 பேருக்கு 47 பேர் என்ற அளவில் தற்கொலை நடந்தது. அக்காலத்தில் உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் அது ஒன்று. கடும் நச்சுத்தன்மை கொண்ட பூச்சிநாசினிகளைப் படிப்படியாகத் தடை செய்த பின் அது பாதிக்கும் கீழே இறங்கியது. கைக்கெட்டிய தூரத்தில் நஞ்சு இல்லாவிட்டால் ஒரு கணத்தின் வேதனை கடந்து போகிறது என்பதை அது காட்டியது. எழுத்திலும் அதே பொறுப்பு உண்டு. எப்படி நடந்தது என்று விபரிக்கக் கூடாது. பரீட்சை, காதல், கடன் என்று ஒரே காரணத்தை ஒட்டக் கூடாது. அதை வீரமாகவோ விடுதலையாகவோ காட்டவும் கூடாது. உதவி கிடைக்கும் இடத்தை எழுதுங்கள். இலங்கையில் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை எந்த நேரமும் அழைக்கலாம்.

எட்டாவது தவறு, வாசகரை நடுவழியில் விட்டுவிடுவது. ஆபத்தைச் சொல்லிப் பயமுறுத்திவிட்டு, என்ன செய்வது என்று சொல்லாமல் முடிக்கும் கட்டுரைகள் பல. நெஞ்சுநோ வந்தால் உடனே உதவி தேடுங்கள் என்று எழுதினால், எங்கே என்பதையும் எழுத வேண்டும். இலங்கையில் 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவையை இலவசமாக அழைக்கலாம். ஆனால் எங்கள் வாசகர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். இலண்டனில் 999, ரொறொன்ரோவில் 911, மெல்பேணில் 000. வெளிநாட்டில் பேரப்பிள்ளைகளுடன் பகலில் தனியே இருக்கும் அம்மாவுக்கு அந்த மூன்று எண்கள், அருமையான ஒரு முடிவுரையை விடப் பெரியவை.

ஒன்பதாவது, எழுதியவுடன் வெளியிடும் அவசரம். ஓர் இரவு வைத்திருங்கள். காலையில் வாய்விட்டு வாசியுங்கள். மூச்சு முட்டும் இடத்தில் வசனத்தை இரண்டாக வெட்டுங்கள். பிறகு அந்தத் துறையில் இல்லாத ஒருவருக்குக் கொடுங்கள். "விளங்கியதா?" என்று மட்டும் கேட்காதீர்கள், எங்கள் ஆட்கள் மரியாதைக்கு "ஓம்" என்பார்கள். கிளினிக்கில் நாம் செய்வதுபோலச் செய்யுங்கள். மருந்தை விளக்கிய பிறகு, "அம்மா, வீட்டை போய் மகளுக்கு எப்பிடிச் சொல்லுவியள்?" என்று கேட்கிறோம். அவர் திருப்பிச் சொல்வதில் பிழை இருந்தால் அது நாம் விளக்கிய விதத்தின் குறை. வேறு விதமாகச் சொல்ல வேண்டும். உங்கள் முதல் வாசகரையும் கடதாசியை மூடி வைத்துவிட்டுத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவர் சொல்வதுதான் நீங்கள் உண்மையில் எழுதியது.

கடைசித் தவறு, இடையில் நிறுத்திவிடுவது. வாரம் ஒன்று எழுதுவேன் என்று அறிவித்துவிட்டு மூன்றாவது வாரத்தில் மறைந்து போகிறவர்கள் அனேகர். வேலைக்குப் போகும், வீட்டைப் பார்க்கும், வயோதிபப் பெற்றோரைக் கவனிக்கும் பெண்களுக்கு வாரம் ஒன்று முடியாது. மாதம் ஒரு பக்கம் முடியும். அந்த ஒரு பக்கத்தை விடாமல் எழுதினால் ஒரு வருடத்தில் பன்னிரண்டு பக்கங்கள். சிறு கைந்நூல் ஒன்றுக்கு அது போதும். தொடக்கத்தில் வாசகர் சிலரே இருப்பார்கள். அவர்களில் ஒருவரும் பாராட்டாமலும் விடலாம். "உவளுக்கு இதுக்கெல்லாம் நேரம் கிடக்கு" என்ற குரலும் வரும். பாராட்டை எண்ணிக் கொண்டிருந்தால் கை சோர்ந்துவிடும். யாருக்காக எழுதத் தொடங்கினீர்களோ, அந்த ஒருவருக்கு அது பயன்பட்டதா என்று மட்டும் பாருங்கள்.

இதையெல்லாம் இன்று சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. ஒரு கல்லூரிக்கு நூறு வயதாகும்போது அதன் தொடக்க காலத்தை நேரிற் கண்டவர்கள் எவரும் இருப்பதில்லை. அவர்களிடம் கேட்டறிந்த தலைமுறை இப்போது எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இருக்கிறது. எமது தொழிலில் நாம் தினமும் பார்க்கும் நோய்களில் ஒன்று மறதி நோய். அதில் இன்று காலை சாப்பிட்டது முதலில் மறக்கிறது. பழைய கதைகள் சில காலம் தங்கி நிற்கின்றன. பிறகு அவையும் போய்விடுகின்றன. அந்த இடைக்காலத்தில் பக்கத்தில் இருந்து கேட்டு எழுத ஒருவர் இருந்தால் அந்தக் கதைகள் பிழைக்கும். எங்கள் விடுதியில் சமைத்தவர்கள், இடம்பெயர்ந்த இடத்தில் மர நிழலில் வகுப்பு நடத்தியவர்கள், பரீட்சைக்கு மண்ணெண்ணெய் விளக்கில் படித்தவர்கள் ஆகியோருடைய வரலாறு அரசாங்கக் கோப்புகளில் இல்லை. அதிபர்களின் படங்கள் மண்டபத்தில் இருக்கின்றன. மற்றவர்களைப் பற்றி நாம் எழுதினால்தான் உண்டு. அதைச் சரியான ஆண்டோடும், சரியான அளவோடும், உரியவரின் சம்மதத்தோடும் எழுத வேண்டும். பிழையாக எழுதப்பட்ட வரலாறு அடுத்த நூற்றாண்டு மலரிலும் பிழையாகவே அச்சேறும்.

ஆகவே சகோதரிகளே, இன்று வீட்டுக்குப் போகுமுன் ஒருவரின் பெயரைக் கொப்பியில் எழுதிக் கொள்ளுங்கள். அவர் நீங்கள் கேட்டு எழுத வேண்டிய பழைய ஆசிரியையாக இருக்கலாம்; நீங்கள் எழுதி விளக்க வேண்டிய உங்கள் அம்மாவாகவும் இருக்கலாம். இந்த மாதம் ஒரு பக்கம். மொழி எமக்கு இந்த வகுப்பறைகளிலேயே தரப்பட்டுவிட்டது. எழுத்துப் பிழை திருத்துவதற்கு எமது தமிழ் ஆசிரியைகள் முன்வரிசையிலேயே இருக்கிறார்கள். சிவப்புப் பேனையும் அவர்களிடம் இருக்கும் என்று நம்புகின்றோம்.